ஊட்டுப்புரைச் சோறு வேண்டாம் என்ற வருஷம்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ராத்திரி ரயிலேறி விடியற்காலையில் வந்து இறங்கினவர். நடுக்கூடத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரை மூட்டை நெல்.

கிச்சா மாமா. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் நாலு வீடு அவருக்குச் சொந்தம். நாங்கள் குடியிருந்ததும் அவர் வீடுதான். தூணில் சாய்ந்திருந்தார்.

பங்கஜம் மாமி. அடுத்த வீடு. அப்பாவுக்கு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினது அவள். கையில் ஒரு வெள்ளரிக்காயோடு வந்து சுவரோரமாக நின்றாள்.

என் வீட்டுக்காரர். வக்கீல் ஒருத்தரிடம் நகல் எழுதுகிற வேலை. அன்று கோர்ட்டுக் கச்சேரி இல்லை. ஜன்னலடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான். சமையல் அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேறு யாரும் இல்லை. பேச்சு என்னைப் பற்றி. அப்பா என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதா, இங்கே விட்டுவிட்டுப் போவதா. போனால், இவர் பழையபடி ஆகிற வரைக்கும் திருப்பி அனுப்புவதாக இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வண்டி சொல்லியாகிவிட்டது.

"மாப்பிள்ளை, நான் சண்டைக்கு வரலை" என்றார் அப்பா. "என் பொண்ணு கிணத்தடியில மயக்கமா விழுந்திருக்கா. ஏன்னு கேட்டா, நீங்க ஏதோ விரதம் எடுத்திருக்கேள்ங்கறா."

"விரதம் இல்லை" என்றார் இவர்.

"பின்னே?"

"வேண்டாம்னு தோணித்து."

கிச்சா மாமா சிரித்தார். "சாப்பாடு வேண்டாம்னு தோணின மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன், கேட்டேளா."

ஊட்டுப்புரை

போன வாரம் எழுதினதில், கல்யாணமாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்ததைச் சொன்னேன். ஊட்டுப்புரையைச் சொல்லவில்லை.

கோட்டைக்குள் கோயிலை ஒட்டிப் பெரிய சாப்பாட்டுச் சாலை. தினமும் பிராமணர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு. ராஜா காலத்துக் கட்டளை. சாதம், எரிசேரி, ஓலன், மோர். விசேஷ நாளானால் பாயசம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதிப் பேர் இந்த ஊருக்கு வந்து தங்கினதே அந்தச் சோற்றை நம்பித்தான். சம்பளம் எட்டணா குறைந்தாலும் கவலைப்படாமல் இருந்தார்கள். இலை நிச்சயம்.

எங்கள் தெருவில் பெண்கள் போகிற வழக்கமில்லை. ஆண்கள் கூட்டமாகக் கிளம்பிப் போவார்கள். திரும்பி வருகிறபோது சிலர் தூக்கில் கொஞ்சம் கொண்டு வருவார்கள். எனக்கு நான் ஒரு பிடி வடித்துக்கொண்டால் போதும். ஊறுகாயும் மோரும் இருக்கும்.

அதனால் எனக்குப் பகலில் பொழுது இருந்தது. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும். பங்கஜம் மாமி வீட்டுப் பழைய பத்திரிகைகளை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அந்தப் பொழுதில்தான். இன்றைக்கு இதை எழுதுகிறேன் என்றால் அதற்கு ஊட்டுப்புரை ஒரு காரணம். இதை இவரிடம் நான் சொன்னதில்லை.

ஒரு விறகு வண்டி

இவர் அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு நாளில் பேசின பேச்சை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம்.

ஒரு நாள் சாப்பிட்டு வந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ன?" என்றேன்.

"அங்கே விறகு வண்டி வந்திருந்தது."

"சரி."

"விறகு கொண்டு வந்தவன் வண்டி நிழல்ல உக்காந்து பழைய கஞ்சி குடிக்கறான். அந்த விறகுல வெந்ததை நான் நாலு பதார்த்தத்தோட சாப்பிட்டுட்டு வரேன். விறகு எந்தக் காட்டுதுன்னுகூட எனக்குத் தெரியாது."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பேனா பிடிக்கிற விரலில் ஒரு காய்ப்பு. வேறு ஒன்றும் கிடையாது.

"நாளையிலேர்ந்து போகலை" என்றார். "நம்ம கையால ஆனதைச் சாப்பிட்டா மதி, போதும்."

எனக்கு அது பிடித்தது. பொய் சொல்லக் கூடாது. அன்று அவர் மேல் மரியாதை வந்தது. அந்தத் தெருவில் அப்படி ஒரு வார்த்தை சொன்ன ஆண்பிள்ளை வேறு கிடையாது.

குறைத்ததும் கூடினதும்

முதலில் காப்பி போயிற்று. ஒரு வாரம் தலைவலி. பிறகு சரியாகிவிட்டது.

துணி ஆளுக்கு இரண்டு. பாத்திரம் ஆறு. மிச்சத்தைப் பரண் மேல் போட்டோம். வீடு பெரிதாக ஆனது போல இருந்தது. சாமான் குறைந்தால் துடைக்கிற வேலையும் குறைகிறது. அதைக் கண்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் என்னிடம் சாமான் அதிகம் இல்லை. அந்தப் பழக்கம் விடவில்லை.

கொல்லையில் மண்ணைக் கொத்தினார். கச்சேரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி, வந்து ஒரு மணி. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. கீரை போட்டார். சேனை வைத்தார். மரச்சீனி நட்டார். மரவள்ளிக் கிழங்குக்கு அங்கே அதுதான் பேர். கூலிக்காரர்களின் சாப்பாடு. அக்ரஹாரத்தில் யாரும் அதைக் கொல்லையில் வைக்க மாட்டார்கள். தெருப் பையன்கள் இவருக்கு மரச்சீனி ஐயர் என்று பேர் வைத்தார்கள்.

அரிசி கடையில் வாங்கவில்லை. நெல்லாக வாங்கினோம். குத்துவது நான்.

பாத்திரம் தேய்க்க நாணி என்று ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கொல்லைப்புறத்தில் தேய்த்து வைத்துவிட்டுப் போவாள். மாசக் கூலியோடு தினம் கொஞ்சம் சோறு. நம் எச்சில் பாத்திரத்தை இன்னொருத்தர் தேய்ப்பது சரியில்லை என்றார் இவர். நியாயம்தான். அவளிடம் சொல்ல வேண்டியது நான்.

"அம்மே, ஞான் எந்து தெற்று செய்து?" என்று கேட்டாள். என்ன தப்புச் செய்தேன் என்று.

"தப்பு இல்லை நாணி. இனிமே நாங்களே பார்த்துக்கறோம்."

அவள் முற்றத்துத் துடைப்பத்தை எடுத்துச் சரியான இடத்தில் சாத்திவிட்டுப் போனாள். எங்கள் எளிமையால் அவளுக்கு ஒரு வேளைச் சோறு போயிற்று.

இதற்கு மேல் மடி. சமைக்கிறவள் குளித்து, ஈரப்புடவையோடு தன் கையால் இறைத்த தண்ணீரில்தான் சமைக்க வேண்டும். நடுவில் யாரையும் தொடக் கூடாது. ஊட்டுப்புரைக்குப் போய்க்கொண்டிருந்தவரைக்கும் இவர் சாப்பாட்டு மடி அங்கே சமைக்கிறவர்களின் பாடு. இப்போது இரண்டு வேளையும் என் பாடு. ஐப்பசி, துலா மாசத்து மழை வேறு. மத்தியானத்துக்கு மேல் இடித்துக் கொட்டும். விறகு நனைந்து கிடக்கும். ஈரப்புடவை உடம்பிலேயே காய்ந்து மறுபடி நனையும்.

உடம்பு வலித்தது என்று சொல்ல மாட்டேன். வலிப்பது நின்றுவிட்டது. கை தானாகச் செய்யும். நெல்லைக் குத்தும்போது உலக்கை ஏறி இறங்குவதை யாரோ செய்வது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படி நாலைந்து மாசம் போயிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் கிணற்றில் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். அடுத்தது பங்கஜம் மாமியின் முகம் எனக்கு மேலே தெரிந்தது. கயிறு உள்ளங்கையைச் சீவியிருந்தது.

மூன்று வைத்தியம்

கூடத்துக்கு வருகிறேன்.

அப்பா சொன்னார்: "வறுமைன்னா சொல்லுங்கோ மாப்பிள்ளை. வெட்கப்பட என்ன இருக்கு? அதுக்குத்தான் நெல் கொண்டு வந்திருக்கேன். நம்மாத்து வயல் நெல்லு."

"வறுமை இல்லை" என்றார் இவர்.

"அப்போ எதுக்குக் கிழங்கு திங்கறேள்?"

"வெந்தா நன்னாத்தான் இருக்கு."

கிச்சா மாமா தொடையில் தட்டினார். "கேளுங்கோ! ஓய், நாளைக்கு என் வீட்டை விக்கப் போனா, மரச்சீனி ஐயர் வீடான்னு கேப்பான். விலை குறையும். சரி, அது போகட்டும். இவளுக்கு உடம்புல சத்து இல்லை. என்கிட்ட ஒரு பசு இருக்கு, கன்னுக்குட்டியோட. கொண்டு வந்து கட்டிக்கோங்கோ. பால் குடிச்சாத் தேறிடுவா."

"சத்துமில்லை, கித்துமில்லை" என்றாள் பங்கஜம் மாமி. "கண் பட்டிருக்கு. நான் மிளகா சுத்திப் போடறேன். இந்த வெள்ளரிக்காயைக் கூட்டு வெச்சுச் சாப்பிடட்டும். சூடு தணியும்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நெல் வந்தால் குத்த வேண்டும். பசு வந்தால் சாணி அள்ள வேண்டும். வெள்ளரிக்காயை நறுக்க வேண்டும். எல்லாரும் நல்லவர்கள். ஒவ்வொருத்தரும் ஒரு வேலை கொண்டு வந்திருந்தார்கள்.

பேச்சு பிறகு சாஸ்திரத்துக்குப் போயிற்று. தானச் சோறு தோஷமா, இல்லையா. ராஜா கொடுப்பது தானமா, பிரசாதமா. கிச்சா மாமா பிரசாதம் என்றார். அப்பா அவர் பக்கம் பேசினார். இவர் கடைசியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"அது தோஷம்னு நான் சொல்லவே இல்லை. சாப்பிடறவா சாப்பிடட்டும். எனக்கு என் கைக்கு வேலை வேணும்."

"பெரிய கை!" என்றார் கிச்சா மாமா.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கப்படவில்லை என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. காலையில் இறைத்த தண்ணீர் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிலைப்படி

வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. கிச்சா மாமா எட்டிப் பார்த்தார்.

"ஊட்டுப்புரை நேரமாயிடுத்து. சரி, இன்னிக்கு இங்கேயே ஆகட்டும். மரச்சீனியைத்தான் பார்த்துடறேனே."

"அதான் சரி" என்றார் அப்பா. "முதல்ல சாப்பாடு. அப்புறம் முடிவு பண்ணிக்கலாம். விசாலம், அடுப்பை மூட்டு. மாமியும் இங்கேயே சாப்பிடட்டும்."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பிற்று.

நான் உட்கார்ந்தேன்.

எங்கே நின்றேனோ அங்கேயே. நிலைப்படி மேல். அதன் மேல் உட்காரக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். லக்ஷ்மி வருகிற வழி.

"அய்யய்யோ, எழுந்திரு விசாலம்!" என்றாள் மாமி.

"மயக்கமா வரதாம்மா?" என்றார் அப்பா.

"இல்லை."

"பின்னே எழுந்திரு. நேரமாறது."

"நான் பண்ணலை" என்றேன்.

கொல்லையில் ஒரு காக்கை கத்தினது கேட்டது. நான் இவரைப் பார்த்துச் சொன்னேன். அப்பா எதிரில் நான் இவரிடம் நேருக்கு நேர் பேசினது அதுதான் முதல் தடவை.

"ஊட்டுப்புரைக்கு நீங்க போக வேண்டாம். அந்தச் சோறு வேணும்னு நான் சொல்லலை. மரச்சீனியும் எனக்குச் சம்மதம். கையால ஆனதைச் சாப்பிடணும்னேள். ரெண்டு வேளையும் அது என் கையாவே இருக்கணுமா?"

"என்ன பேச்சுடி இது!" என்றார் அப்பா. "புருஷன்கிட்ட..."

இவர் கையைத் தூக்கினார். அப்பாவைப் பேச வேண்டாம் என்று. மாமனாரிடம் அப்படிக் கை காட்டினதும் முதல் தடவைதான்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் எங்கோ ஓர் இலக்கம் தவறியதைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது. பிறகு எழுந்து கொல்லைக்குப் போனார். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. தலையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். ஈர வேஷ்டியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார்.

"மேலே படாம வழி விடு" என்றார்.

நான் நகர்ந்துகொண்டேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போனார்.

அடுப்பு

அவருக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் அம்மா. பிறகு ஊட்டுப்புரை. பிறகு நான். ஈர விறகு. புகை கூடம் முழுக்க வந்தது.

"உப்பு எங்கே?" என்று குரல் வந்தது.

"உறி பக்கத்துல மரச்சட்டி."

"அரிசி எத்தனை?"

"எத்தனை பேர் சாப்பிடறாளோ அத்தனைக்கு."

"அது எவ்வளவுன்னு சொல்லு."

நான் சொன்னேன். இருமல் கேட்டது. ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

கிச்சா மாமா மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஓய்! எரிசேரி வைக்கறேளா, வீட்டை எரிக்கறேளா? வீடு என்னோடது, ஞாபகம் இருக்கட்டும்!"

உள்ளே ஊதுகுழலில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"நான் வரேன்" என்று மாமா எழுந்தார். "இப்போ ஓடினா அங்கே கடைசிப் பந்தி கிடைக்கும்."

மாமியும் வீட்டில் பால் பொங்கும் என்று சொல்லிக் கிளம்பினாள். வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு போனாள். போகிறபோது என் தோளைத் தொட்டாள்.

அப்பா மட்டும் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வலது காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் கோபமாக இருக்கிறபோது அப்படித்தான்.

சோறு குழைந்திருந்தது. கஞ்சி வடிக்க வேண்டும் என்று இவருக்குத் தெரியவில்லை. மரச்சீனி மேலே வெந்து நடுவில் வேகாமல் இருந்தது. எல்லாவற்றிலும் புகை வாசனை. மூன்று இலை இவரே போட்டார். கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. இத்தனை நாள் நான் அந்தப் புகையில்தான் இருந்தேன்.

ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்து அன்றுதான் சாப்பிட்டேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இலையை விட்டு எழவில்லை.

"உப்பு போறலை" என்றார்.

"போட்டுக்கலாம்" என்றார் இவர்.

நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். சூடாக இருந்தது. எனக்கு முன்னால் சூடாக ஓர் இலை வந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் என்று பட்டது.

கேட்டது

கை அலம்பிவிட்டு வந்து அப்பா என் எதிரில் நின்றார்.

"விசாலம், நாலு மணிக்கு வண்டி வரும். அங்கே அம்மா இருக்கா. மன்னி இருக்கா. உனக்கு ஒரு வேலையும் கிடையாது. வரியா, இல்லையா? நீயே சொல்லு."

என்னைக் கேட்டார். அவர் குரலும் அலுத்திருந்தது. பாவம், ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தவர்.

அங்கே போனாலும் அடுப்பு இருக்கும். மன்னி ஊதுவாள். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். இவர் விறகு வண்டியைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றாரே, அப்படி நான் எங்கே போய் நிற்பது? இங்கே இருந்தால் இந்த ஒரு வேளைதான் இப்படி, நாளைக்குப் பழையபடி உலக்கை. இரண்டையும் நினைத்துப் பார்க்கத் தெம்பு இல்லை.

"ஒரு தூக்கம் தூங்கிட்டுச் சொல்றேன் அப்பா" என்றேன்.

புடவைத் தலைப்பை விரித்துக் கூடத்திலேயே படுத்தேன். கோட்டைக் கடிகாரம் ஒரு மணி அடித்தது காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

கொல்லையில் பாத்திரம் உரசுகிற சத்தத்தில் விழித்தேன். வெளியே மழை விட்டிருந்தது. எப்போது பெய்தது என்றும் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். இவர் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் கரி.

"அடியில கரி அப்படியே இருக்கு" என்றேன்.

அவர் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஆமா. இன்னிக்குக் கை ஓயறது. நாளைக்குச் சரியாத் தேய்க்கறேன்."

நாளைக்கு என்றார். சத்தியம் எதுவும் பண்ணவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தேன்.

அப்பா பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் மாட்டு வண்டியின் மணி கேட்டது.

"நான் வரலை அப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த நெல்லை யாரு குத்தப் போறா?"

"ஆளுக்குப் பாதி."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலை."

அதுதான் நிஜம். பின்னால் சில நாள் பாதியாகவும் பல நாள் பாதியில்லாமலும் நடந்தது. சண்டையும் வந்தது. அதையெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தோம்.

அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கோட்டைக் கடிகாரம் நாலு அடித்து ஓய்ந்தது. வண்டிக்காரன் மாட்டைத் தட்டப் போனபோது நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பட்டப் பகல்ல அப்படி ஒரு தூக்கமாடி? செத்துகித்துப் போயிட்டயோன்னு மூக்குல கை வெச்சுப் பார்த்தேன். எவ்வளவு நேரம் தூங்கினே, தெரியுமா?"

கணக்குப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம்.